பினாங்குப் பாம்புக் கோயில்: துணிச்சலும் வரலாறும்



பினாங்கிற்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளுள் பலர், கொடிமலையைக் கண்டபின், நச்சுப்பாம்பை அருகில் பார்க்கும் துணிச்சலான அனுபவத்தைத் தேடிச் செல்லும் இடம் ஒன்று உண்டு. ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில், சுங்கை குளுவாங்கில் உள்ள பாம்புக் கோயிலே அது. நம் பிள்ளைகளையும் நாம் அங்கு அழைத்துச் செல்கிறோம். ஆனால், அதன் வரலாற்றை அவர்களுக்குச் சொல்கிறோமா?

19ஆம் நூற்றாண்டில் எழுந்த இச்சீனக் கோயில், சோர் சூ கோங் என்னும் துறவிக்கு உரியது. அவர் சோங் பேரரசின் காலத்தில், சீனாவின் ஃபூஜியன் பகுதியில் வாழ்ந்தவர். காட்டுப் பாம்புகளுக்கு அவர் அடைக்கலம் தந்தார் என்றும், கோயில் எழுந்தபின் பாம்புகள் தாமாகவே வந்து குடியேறின என்றும் மரபுக் கதை கூறுகிறது. சீனப் புத்தாண்டின் 6ஆம் நாள் அவருடைய பிறந்தநாள் விழா. புற்றுக்குப் பால் வார்க்கும் மரபில் வந்த நமக்கு இந்த வழிபாடு அந்நியமானதன்று.

ஊதுபத்திப் புகையில் மயங்கியே அப்பாம்புகள் அசையாமல் கிடக்கின்றன என்பது பலரின் நம்பிக்கை. உண்மை வேறு. அவை வாக்லர் குழிவிரியன்கள். ஜெர்மானிய ஊர்வன அறிஞர் வாக்லரின் பெயரைத் தாங்கியவை. பகலெல்லாம் கிளையில் அசையாதிருந்து, இரவில் இரைக்காகப் பதுங்கிக் காத்திருப்பது அவற்றின் இயல்பு. கண்ணுக்கும் மூக்கிற்கும் இடையே உள்ள குழியால், எலி, பறவை ஆகியவற்றின் உடல்வெப்பத்தை உணர்ந்து தாக்குகின்றன. அமைதியாக இருப்பதனாலேயே அவை சாதுவாகிவிடா. நச்சுப்பல்லைப் பிடுங்கினாலும் மீண்டும் முளைக்கும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கப்பெற்றது. சுற்றுப்புறத்துத் தோப்புகளும் புதர்களும் ஆலைகளாகவும் சாலைகளாகவும் மாறின. நம் மக்கள் பலருக்கு அவ்வாலைகள் வாழ்வளித்தன. மறுபுறம், பாம்புகள் தாமாக வந்துசேரும் வழி குறுகிற்று. தோளில் பாம்பைப் போட்டு நிழற்படம் எடுத்துக்கொள்ளும் பயணியின் படத்தில் இந்த இழப்பு தெரிவதில்லை.

தமிழகத்தின் இருளர் மக்களை இங்கு நினைவுகூர்தல் தகும். தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்து வந்த அவர்கள், 1978இல் சென்னைக்கு அருகே கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பிடித்த பாம்பிலிருந்து நஞ்சை எடுத்து, பின்னர் அதனைக் காட்டிலேயே விட்டுவிடுவது அவர்கள் முறை. அந்நஞ்சிலிருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் கடிக்கும் மருந்து செய்யப்படுகிறது. அம்மருந்து பினாங்கின் குழிவிரியனுக்காகச் செய்யப்பட்டதன்று. பாம்புக்குப் பாம்பு நஞ்சு வேறுபடும். பாம்பை நன்கறிந்தவர்கள் அதனோடு விளையாடுவதில்லை.

ஆகவே, பெற்றோர்களே, படம் எடுப்பதற்காகப் பிள்ளையின் தோளில் பாம்பை வைக்க வேண்டா. ஆசிரியர்களே, மாணவர்களுக்கு ஒரு தேடல் பணியைத் தாருங்கள்: மஞ்சளும் பச்சையும் கருமையும் பட்டைபட்டையாக விளங்கும் பெரிய பாம்பு பெண், இளம்பச்சை உடலில் செந்நிறமும் வெண்மையும் புள்ளிகளாக அமைந்த சிறிய பாம்பு ஆண். இரண்டும் வெவ்வேறு இனம் என்றே பார்ப்பவர் எண்ணுவர். கைகட்டி, எட்ட நின்று, எத்தனை ஆண், எத்தனை பெண் என்று எண்ணிக் குறித்து வரச் சொல்லுங்கள்.