மூன்று ரிமோட்டும் ஒரு பழைய தகராறும்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். டிவி மேஜையில் மூன்று ரிமோட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் பேப்பர் ஒட்டி 1, 2, 3 என்று அம்மா பேனாவால் எழுதியிருந்தார். ஒன்று டிவிக்கு, இரண்டு செட்டாப் பாக்ஸுக்கு, மூன்று நான் வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கருக்கு.

"ஒண்ணை அமுக்கிட்டு ரெண்டை அமுக்கணும். நடுவுல கரண்ட் போயிட்டு வந்துச்சுன்னா வரிசை தப்பிப் போயிடுது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உறுத்தியது. சாயங்காலம் தனியாக இருக்கிறவருக்கு டிவி போட இன்னொருவர் தயவு வேண்டியிருக்கிறது.

மூன்றையும் ஒன்றாக்க உட்கார்ந்தேன். அரை நாள் போயிற்று. அந்த அரை நாளில் எழுந்த கேள்விகளுக்காகப் பிறகு தேடிப் படித்ததன் குறிப்புகள்தான் இவை.

ரிமோட்டின் கதை அமெரிக்காவில், ஜெனித் கம்பெனியில் தொடங்குகிறது. 1950-இல் 'லேஸி போன்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டிவியிலிருந்து நாற்காலி வரை ஒயர் ஓடும், கால் தடுக்கும். 1955-இல் யூஜின் பாலி என்ற பொறியாளர் ஒயரை எடுத்துவிட்டார். அவருடைய 'ஃப்ளாஷ்மேட்டிக்' ஒரு டார்ச் லைட் மாதிரி. டிவியின் நாலு மூலையிலும் ஒளி உணரும் செல்கள். எந்த மூலையில் வெளிச்சம் அடிக்கிறோமோ அதற்குரிய வேலை நடக்கும். சிக்கல் என்னவென்றால் ஜன்னல் வழியாக வெயில் விழுந்தாலும் அது வேலை செய்யும்.

அடுத்த வருடமே ராபர்ட் அட்லர் 'ஸ்பேஸ் கமாண்ட்' செய்தார். அதில் பேட்டரியே கிடையாது. உள்ளே அலுமினியக் கம்பிகள், பட்டனை அமுக்கினால் ஒரு சின்ன சுத்தியல் கம்பியைத் தட்டும். நம் காதுக்கு எட்டாத ஒலி கிளம்பும், டிவி அதைக் கேட்டுக்கொள்ளும். இந்த ஒலி முறை சுமார் 25 வருடம் ஓடியது. அதுவரை வீட்டில் ஒரு டிவி, ஒரு ரிமோட். தகராறுக்கு இடமில்லை.

தகராறு அகச்சிவப்பு ஒளியோடு வந்தது. ஒலியில் நாலைந்து கட்டளைகளைத்தான் அனுப்ப முடியும். ஒளியை அணைத்து அணைத்து எரியவிட்டால் எண்களையே அனுப்பலாம். இன்று பெரும்பாலான ரிமோட்டுகளின் முனையில் இருக்கும் சின்ன எல்இடி விநாடிக்கு 36,000 முதல் 40,000 தடவை துடிக்கிறது. அந்தத் துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. என்இசி முறையில் முதலில் 9 மில்லிவிநாடி துடிப்பு, 4.5 மில்லிவிநாடி மௌனம், பிறகு 32 பிட்கள். 'இது யாருக்கு' என்ற முகவரியும் 'என்ன செய்ய வேண்டும்' என்ற கட்டளையும் அதில் அடக்கம். பிலிப்ஸின் ஆர்சி-5 முறையில் 14 பிட்கள்தான், துடிப்பும் 36,000. சோனிக்கு 40,000, கணக்கும் வேறு.

ஏன் இத்தனை? தன் டிவிக்கு அனுப்பிய கட்டளையைப் பக்கத்திலிருக்கும் வேறு கம்பெனியின் விசிஆர் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு ஆளுக்கொரு முகவரி இருந்தாலே போதும், ஆளுக்கொரு பாஷை தேவையில்லை. ஆனால் எல்லாரும் உட்கார்ந்து ஒரே பாஷை பேச ஒப்புக்கொள்ளவில்லை. யுனிவர்சல் ரிமோட் என்ற பொருள் பிறந்ததற்கு இந்த ஒப்புக்கொள்ளாமைதான் காரணம் என்பது என் எண்ணம்.

1980-களின் நடுவில் இதற்கு இரண்டு விதமான தீர்வுகள் வந்தன.

முதலாவது, கற்றுக்கொள்கிற ரிமோட். 1985-இல் ஜெனரல் எலக்ட்ரிக் 'கண்ட்ரோல் சென்ட்ரல்' வெளியிட்டது. பழைய ரிமோட்டையும் இதையும் எதிரெதிரே வைத்துப் பழையதில் பட்டனை அமுக்க வேண்டும். புதியது அந்த ஒளி எவ்வளவு நேரம் எரிந்தது, எவ்வளவு நேரம் அணைந்தது என்று அளந்து வைத்துக்கொள்ளும். பாஷை தெரிய வேண்டாம், கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னால் போதும். அதே 1985-இல் ஆப்பிளை விட்டு வெளியேறிய ஸ்டீவ் வாஸ்னியாக் சிஎல் 9 என்ற கம்பெனி தொடங்கி, 1987-இல் 'கோர்' என்ற ரிமோட்டைக் கொண்டுவந்தார். அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் புரோகிராம் செய்யலாம். ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு அது அதிகப்படியான சங்கதி. கம்பெனி நிலைக்கவில்லை.

இரண்டாவது, பட்டியல் வைத்திருக்கிற ரிமோட். 1986-இல் தொடங்கிய யுனிவர்சல் எலக்ட்ரானிக்ஸ் பல கம்பெனிகளின் கட்டளைகளைச் சேகரித்து ரிமோட்டுக்குள்ளேயே வைத்தது. 'ஒன் ஃபார் ஆல்' அவர்களுடையதுதான். கையேட்டில் உங்கள் டிவி பெயரைத் தேடி நம்பரைப் போட்டால் போதும். பழைய ரிமோட் தொலைந்து போயிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் உங்கள் டிவி அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

பிறகு அந்தப் பட்டியல் இணையத்துக்குப் போனது. 2004-இல் லாஜிடெக் வாங்கிய கனடா நாட்டு 'ஹார்மனி'யில் 'படம் பார்க்கணும்' என்று ஒரே பட்டன் அமுக்கினால் போதும், எல்லாக் கருவிகளும் வரிசையாக விழிக்கும். இங்கேதான் எனக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. பெரும்பாலான கருவிகளில் ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் ஒரே கட்டளைதான். ரிமோட் பேசும், பதிலைக் கேட்காது. அதனால் எது இப்போது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஹார்மனி தன் நினைவில் கணக்கு வைத்துக்கொண்டது. கணக்குத் தப்பினால் 'ஹெல்ப்' பட்டன், அது நம்மிடமே கேள்வி கேட்டுச் சரிசெய்யும். அம்மா வீட்டில் நடந்ததும் இதுவேதான். கரண்ட் வந்ததும் பாக்ஸ் தானாக ஆன் ஆகிவிடும், டிவி ஆகாது. பழக்கத்தில் இரண்டையும் அமுக்கினால் டிவி எரியும், பாக்ஸ் அணையும். 'வரிசை தப்பிப் போயிடுது' என்று அவர் சொன்னது இதைத்தான்.

2021 ஏப்ரலில் ஹார்மனி ரிமோட் தயாரிப்பதை நிறுத்துவதாக லாஜிடெக் அறிவித்தது. இருக்கிற ரிமோட்டுகளுக்கான சேவை தொடரும் என்றும் சொன்னது. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். பட்டியல் அடுத்தவர் வீட்டில் இருக்கும்வரை நம் ரிமோட்டின் ஆயுள் அவர்கள் கையில். 1985-இன் கிளிப்பிள்ளை முறைக்கு யார் தயவும் தேவையில்லை.

நம் ஊரில் ஜெயித்ததும் அந்தக் கிளிப்பிள்ளைதான். கேபிள் ஒயர் நேராக டிவிக்குள் போன காலத்தில் ஒரு ரிமோட் போதும். செட்டாப் பாக்ஸ் வந்ததும் சேனல் பாக்ஸுக்குப் போனது, பவரும் சத்தமும் டிவியிலேயே நின்றன. அதனால்தான் பல பாக்ஸ் ரிமோட்டுகளில் டிவிக்கென்று நாலைந்து பட்டன்கள், கற்றுக்கொள்ளும் வசதியோடு. கையேடு குப்பைக்குப் போய்விடுவதால் பலருக்கு இது தெரிவதில்லை.

அம்மாவின் பாக்ஸ் ரிமோட்டிலும் அது இருந்தது. முதலில் எவ்வளவு முயன்றும் ஏறவில்லை. டியூப் லைட்டை அணைத்ததும் ஏறியது, அந்த வெளிச்சமும் குறுக்கே பேசியிருக்கிறது. இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு பட்டனும் தனித்தனியாகக் கற்றுக்கொள்வதால், எல்லாமே டிவியிடமிருந்து கற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பவர் பட்டனுக்கு டிவியையும், சத்தப் பட்டன்களுக்கு ஸ்பீக்கரையும் குருவாக வைத்தேன். ஸ்பீக்கர் சுவிட்ச் போட்டதும் தானே ஆன் ஆகிவிடும். ஒரே பட்டனில் எல்லாம் நடக்கும்படி செய்யவில்லை. எது எரியவில்லையோ அதை மட்டும் அமுக்கச் சொன்னேன்.

கிளம்பும்போது 1, 3 இரண்டையும் பீரோவில் வைக்கப் போனேன். "தூக்கிப் போட்டுடாதே, இதுக்கு மறந்து போச்சுன்னா திரும்ப யார் சொல்லிக் கொடுப்பா?" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். நியாயமான கேள்வி. போன வாரம் போனில் பேசும்போது ரிமோட் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை. சீரியலில் மருமகள் செய்தது சரியா தப்பா என்றுதான் கால் மணி நேரம் பேசினார்.