கணக்குக் கேட்கும் குடிகள்

ஆட்சி முறைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் அரியணையில் அமர்ந்தவர் யாவர் என்றே வினவுவர். ஆளப்படும் ஊரின் பக்கம் நின்று நோக்கின், அதனினும் கூரிய வினா ஒன்று எழும்: ஆள்வோரிடம் கணக்குக் கேட்கும் உரிமை எவர்க்கு இருந்தது? தொண்டை நாட்டின் வட எல்லையில் அமைந்த பள்ளிப்பட்டு வட்டார வரலாற்றை இவ்வினாவால் அளந்து பார்த்தல் தகும்.

தொண்டை மண்டலம் தந்த தலையாய சான்று உத்தரமேரூர்க் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து வாரியத்தாரைத் தேர்ந்தனர். பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். ஆயினும் அது பிரமதேயச் சபை. கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை உடையோர்க்கே அங்கு இடம். நெறி செம்மையானது, அதனுள் நின்றோர் வட்டமோ குறுகியது.

ஆங்கிலேயர் காலத்தில் திருத்தணிப் பகுதி கார்வேட்டிநகரம் ஜமீனில் அடங்கியிருந்தது. குடிகள் ஜமீனுக்கு வரி செலுத்த, ஜமீன் அரசுக்குப் பேஷ்குஷ் செலுத்தியது. கணக்கு மேல்நோக்கியே சென்றது, கீழ்நோக்கி வரவில்லை. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அம்முறைக்கு முடிவு கட்டியது.

கணக்குக் கேட்க மொழியும் வேண்டும். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இப்பகுதி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே சென்றது. ம.பொ.சிவஞானம் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் பரிந்துரையும் வழிகோல, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எனினும், எல்லைக்கோடு எங்கு வீழினும் அதனருகே ஒரு சிறுபான்மை எஞ்சும். பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல இன்றும் வாழ்கின்றன. தமிழர் தமக்கெனக் கோரிய மொழியுரிமையை அவர்க்கும் வழங்குதலே அப்போராட்டத்திற்கு அழகு.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு உயிரூட்டியது. நிலமும் குலமும் கல்வியும் பாலும் கேளாமல், ஊர் வாக்காளர் அனைவரையும் அது உறுப்பினராக்கியது. உத்தரமேரூர் வகுத்த நெறியும் இன்று விரிந்த வட்டமும் ஒன்றுசேரும் இடம் அதுவே. ஆயின், வரவு செலவு வாசிக்கப்படும்போது எழுந்து வினவ ஒருவரேனும் இல்லையேல், ஜமீன் காலத்துக் கணக்கே வேறு பெயரில் தொடரும். குடவோலை தந்த பெருமிதத்தைப் பாடுவோர் அவ்வினாவையும் பாடுதல் வேண்டும்.