பிரிட்டனின் ஐரோப்பிய ஒன்றிய விலகல்: இணைந்த முறையும் பிரிந்த முறையும்

முன்னுரை

1973ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பிரிட்டன், நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர் 2020 சனவரி 31ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தினின்று வெளியேறியது. குடியேற்றம் குறித்த அச்சம், பழைய பேரரசின் நினைவு, தொழில் நசிந்த ஊர்களின் மனக்குறை ஆகியன இவ்விலகலுக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவை மறுக்கத்தக்கன அல்ல. எனினும், விலகுவதென்று முடிவு செய்த ஒரு நாடு, விலகும் முறையை முடிவு செய்ய மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாகத் தடுமாறியது ஏன் என்னும் வினாவிற்கு இவை முழு விடை ஆகா. சேர்ந்து நிற்கும் சொற்களைப் பிரித்துப் பொருள் காண வேண்டுமாயின் அவை புணர்ந்த விதியை அறிந்திருத்தல் வேண்டும் என்பதைத் தமிழிலக்கணம் பயின்றோர் அறிவர். நாடுகளின் பிரிவையும் இவ்வாறே அணுகலாம். பிரிட்டன் ஒன்றியத்தில் இணைந்த முறையே அதன் பிரிவைச் சிக்கலாக்கிற்று என்பதை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணைப்பின் தன்மை

பிரான்சு, மேற்கு செருமனி, இத்தாலி, பெல்சியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1957இல் உரோம் உடன்படிக்கையில் கையொப்பமிட்டபோது பிரிட்டன் விலகியே நின்றது. 1960இல் அது வேறு ஆறு நாடுகளுடன் சேர்ந்து ஐரோப்பியத் தடையற்ற வணிகக் கழகத்தை உருவாக்கியது. ஆயினும் மறு ஆண்டே பொருளாதாரச் சமூகத்தில் சேர விண்ணப்பித்தது. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சார்லஸ் டி கோல் 1963, 1967 ஆகிய இரு முறையும் அதனைத் தடுத்தார். அவர் பதவி விலகிய பின்னரே எட்வர்ட் ஹீத் அரசின் முயற்சி கைகூடியது.

இச்சேர்க்கைக்குச் சட்ட வடிவம் தந்தது 1972ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சமூகங்கள் சட்டம். ஒரே ஆவணமாகத் தொகுக்கப்பட்ட அரசியலமைப்பு பிரிட்டனுக்கு இல்லை. நாடாளுமன்றமே மீயுயர் அதிகாரமுடையது என்பதே அந்நாட்டு ஆட்சியமைப்பின் அடிப்படை. இச்சட்டமோ ஐரோப்பியச் சட்டத்தை உள்நாட்டு நீதிமன்றங்களில் நேரடியாகச் செல்லுபடியாக்கியது. இதன் முழுப்பொருள் 1990இல் வெளிப்பட்டது. இசுபானிய மீன்பிடிக் கலங்கள் தொடர்பான ஃபாக்டர்டேம் வழக்கில், 1988ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் ஐரோப்பியச் சட்டத்திற்கு மாறானதாக இருந்தமையால், அதன் செயற்பாட்டினைப் பிரபுக்கள் அவை நிறுத்தி வைத்தது. நாடாளுமன்றம் தானே இயற்றிய ஒரு சட்டத்தினால் தன் பிற்காலச் சட்டங்களுக்கு எல்லை வகுத்துக்கொண்டது என்பது இதனால் தெளிவாயிற்று. இதனை ‘இறையாண்மையைப் பகிர்தல்’ என்றனர் ஒரு சாரார். ‘இறையாண்மையை இழத்தல்’ என்றனர் மற்றொரு சாரார்.

இரண்டாம் அதிகாரத்தின் தோற்றம்

1975 சூன் 5ஆம் நாள், உறுப்பு நாடாகத் தொடர்வது குறித்துப் பொது வாக்கெடுப்பு நடைபெற்றது. நாடு முழுமைக்குமாகப் பிரிட்டனில் நடைபெற்ற முதல் பொது வாக்கெடுப்பு இதுவேயாகும். 67.2 விழுக்காட்டினர் தொடர்வதை ஆதரித்தனர். தொழிற்கட்சிக்குள் நிலவிய பிளவைத் தீர்க்கும் வழியாகவே பிரதமர் ஹெரால்ட் வில்சன் இதனை மேற்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. அன்று எதிர்த்தோருள் தொழிற்கட்சி இடதுசாரியினர் முன்னின்றனர். பழமைவாதக் கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் ஆதரித்துப் பேசினார். தாட்சரின் 1988ஆம் ஆண்டு புரூச் உரைக்கும் 1992இல் கையெழுத்தான மாசுட்ரிக்ட் உடன்படிக்கைக்கும் பின்னர் எதிர்ப்பின் களம் பழமைவாதக் கட்சிக்கு மாறியது. எதிர்த்தோரும் ஆதரித்தோரும் இடம் மாறினர். வினா மட்டும் மாறவில்லை. நாடாளுமன்றத்தின் அதிகாரத்திற்கு அருகில், மக்களின் நேரடி வாக்கு என்னும் மற்றோர் அதிகாரமும் இடம்பெற்றுவிட்டது. இவ்விரண்டும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்பது வரையறுக்கப்படவே இல்லை.

விடையில் அடங்காத வினா

டேவிட் கேமரூன் 2013இல் அளித்த வாக்குறுதியின்படி 2016 சூன் 23ஆம் நாள் மீண்டும் வாக்கெடுப்பு நடைபெற்றது. விலகலுக்கு 51.9 விழுக்காடும் தொடர்வதற்கு 48.1 விழுக்காடும் கிடைத்தன. இங்கிலாந்தும் வேல்சும் விலகலை விரும்பின. சுகாட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினரும் தொடர்வதை விரும்பினர்.

வாக்குச்சீட்டு, தொடர்வதா விலகுவதா என்று மட்டுமே கேட்டது. ஒன்றியத்தில் சேராத நார்வே அதன் ஒற்றைச் சந்தையில் பங்கு கொண்டுள்ளது. துருக்கி சுங்க ஒன்றிய உறவு கொண்டுள்ளது. ஆகவே ‘விலகல்’ என்னும் ஒரு சொல்லுக்குள் பல வழிகள் அடங்கியிருந்தன. அவற்றுள் எதனை மக்கள் தேர்ந்தனர் என்பதற்கு வாக்குச்சீட்டில் விடை இல்லை.

இதன் விளைவாக, பிரசல்சுடன் நிகழ்ந்த பேச்சினைக் காட்டிலும் இலண்டனுக்குள் நிகழ்ந்த பூசலே கடுமையாயிற்று. விலகல் அறிவிப்புக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை என உச்ச நீதிமன்றம் 2017 சனவரியில் தீர்ப்பளித்தது. பிரதமர் தெரசா மே கொண்டுவந்த உடன்படிக்கையை 2019 சனவரி 15ஆம் நாள் 432க்கு 202 என்ற கணக்கில் மக்களவை நிராகரித்தது. மேலும் இரு முறை வாக்கெடுப்பிலும் அது தோற்றது. அவருக்குப் பின் வந்த போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஐந்து வாரங்களுக்கு நிறுத்தி வைத்தார். அச்செயல் சட்டத்திற்குப் புறம்பானது எனப் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். இரு தரப்பினரும் மக்களாட்சியின் பெயராலேயே வாதிட்டனர் என்பது நோக்கத்தக்கது.

அயர்லாந்து எல்லை

இச்சிக்கலின் கூர்மை அயர்லாந்தில் வெளிப்பட்டது. அயர்லாந்துக் குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையிலான எல்லை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுடையது. 1993இல் ஒற்றைச் சந்தை நடைமுறைக்கு வந்தபின் அங்குச் சுங்கச் சோதனை நீங்கியது. 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி உடன்படிக்கைக்குப் பின் படைக் காவல்நிலைகளும் படிப்படியாக நீங்கின. நெடுங்காலக் குருதிப்போக்கிற்குப் பின் கிடைத்த அமைதி அது. இருநாடுகளும் ஒரே ஒன்றியத்தில் இருந்தமை அவ்வமைதிக்குத் துணை நின்றது.

சுங்க ஒன்றியத்தையும் ஒற்றைச் சந்தையையும் விட்டு விலகுதல், தரையில் எல்லைச் சோதனை இல்லாதிருத்தல், வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் பிற பகுதிகளுக்கும் இடையே சோதனை இல்லாதிருத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிறைவேற இயலாதவை. ஜான்சன் மூன்றாவதை விட்டுக்கொடுத்தார். சோதனை கடலுக்கு மாறியது. இதனை எதிர்த்து சனநாயக ஒன்றியக் கட்சி 2022 பிப்ரவரியில் விலகியதால் வட அயர்லாந்தின் அதிகாரப் பகிர்வு அரசு முடங்கியது. 2024 பிப்ரவரியிலேயே அது மீண்டது. இதற்கிடையில் 2023ஆம் ஆண்டின் விண்ட்சர் கட்டமைப்பு சோதனைகளைத் தளர்த்தியது, நீக்கவில்லை.

முடிவுரை

விலகலால் பிரிட்டன் தனித்த வணிகக் கொள்கையைப் பெற்றது. 2025 சூலையில் இந்தியாவுடன் அது செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் அதற்குச் சான்றாகும். அதே வேளையில், 2020 திசம்பரில் ஒன்றியத்துடன் எட்டப்பட்ட உடன்பாடு சுங்க வரியைத் தவிர்த்ததே அன்றி, சுங்க ஆவணங்களையும் சோதனைகளையும் தவிர்க்கவில்லை.

மேற்கூறியவற்றால், இறுதி அதிகாரம் எங்கே உறைகிறது, நான்கு பகுதிகளும் எவ்வாறு ஒன்றாக நிற்கின்றன என்னும் இரு பழைய வினாக்களைப் பிரிட்டன் ஐரோப்பிய உறுப்புரிமையின் நிழலில் விடையின்றி வைத்திருந்தது என்பதும், அந்நிழல் நீங்கியவுடன் அவை வெளிப்பட்டன என்பதும் புலனாகின்றன. விலக வேண்டுமா என மக்களைக் கேட்கும் அரசு, விலகி எங்குச் செல்வது என்பதையும் வாக்கெடுப்பிற்கு முன்னரே அவர்கள்முன் வைத்தல் வேண்டும் என்பது இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.