லயத்தை வரைய ஒரு கணினி

"கேம் விளையாடவா தம்பி, வேலைக்கா?" என்று கேட்டார் ஈப்போ கடைக்காரர்.

"வேலைக்குத்தாண்ணே. கட்டட வரைபடம்."

"அப்ப பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டே ஆகணும்."

அவர் காட்டிய கார்டு மட்டுமே என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. பக்கத்துத் திரையில் இன்னும் கட்டப்படாத ஒரு கண்ணாடிக் கோபுரம் மாலை வெயிலில் மின்னியது. நான் வரையப் போவது பத்து காஜா பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் லயம் என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. தோட்டம் செம்பனைக்கு மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மிஞ்சியிருக்கும் கடைசி லயத்தையும் இடிக்கப் போகிறார்கள் என்று சேதி வந்திருந்தது. பன்னிரண்டு கதவுகளில் நான்காவது என் பாட்டியின் வீடு.

முதலில் பழைய வரைபடத்தைத் தேடினேன். எங்கும் கிடைக்கவில்லை. எது வரையப்பட்டது, எது வரையப்படவில்லை என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

ஈப்போ ரயில் நிலையத்தை எல்லோருக்கும் தெரியும். 1917 இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். கோலகங்சார் உபுடியா பள்ளிவாசலும் அவருடையதே. ஒரு கட்டடக் கலைஞரின் கோடு கட்டடமாவதற்குள் எத்தனையோ கைகள் அதைப் படியெடுத்திருக்கும். அக்கால ரயில்வே, பொதுப்பணி, நில அளவை அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் படவரைஞர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் வேலை பார்த்தார்கள். ஆக, தமிழன் கையில் வரைகோல் இருந்தது. ஆனால் தோட்டத் தமிழன் கையில் அல்ல.

பத்து காஜா சாலையில் கெல்லீஸ் கோட்டை நிற்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை 1915 வாக்கில் கட்டத் தொடங்கிய மாளிகை. மின்தூக்கிக்குத் தனி வழி விட்டுத் திட்டமிட்டவர் 1926 இல் லிஸ்பனில் இறந்துபோக, வேலை பாதியில் நின்றது. அருகில் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரையில், அவருடையது என்று சொல்லப்படும் சிலை ஒன்றும் சாமிகளோடு நிற்கிறது. முடியாத மாளிகையை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். அதற்குக் கல் சுமந்தவர்கள் இரவில் எங்கே போய்ப் படுத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை.

ரப்பர் என்ற பெயரே வரைபவர்களின் மேசையிலிருந்து வந்தது. 1770 இல் ஜோசப் பிரீஸ்ட்லி தொலைநோக்கு வரைதல் பற்றி எழுதிய புத்தகத்தில், பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்கும் புதுப் பொருள் ஒன்று லண்டன் கடையில் கிடைப்பதாகக் குறிப்பிட்டார். ஆங்கிலத்தில் 'தேய்ப்பது' என்ற பொருளில் அதற்கு ரப்பர் என்று பெயர் நிலைத்தது. நூறு ஆண்டு கழித்து, 1877 இல், சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தப் பால்மரங்களுக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் கப்பலேறி வந்தார்கள்.

கணினியின் கதையும் எங்கள் வீட்டுக்கு அவ்வளவு தூரமில்லை. 1982 இல் ஆட்டோகேட் வந்தபோதுதான் சாதாரண மேசைக் கணினியில் கட்டட வரைபடம் போடும் வழி பலருக்குத் திறந்தது. அக்காலக் கணினியின் மூளைக்குத் தசமக் கணக்கு வேகமாக வராது. கோடும் வளைவும் எல்லாமே அந்தக் கணக்குதான் என்பதால், வரைபவர்கள் 8087 என்ற துணைச் சில்லைத் தனியாக வாங்கிச் செருகினார்கள். அதைச் செய்த இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972 இல் பினாங்கில்தான் தொடங்கியது. அதையொட்டி வந்த தொழிற்சாலைகளில் ஒன்றுக்கு என் பெரியம்மாவும் போனார். பால்வாளியை வைத்துவிட்டு, நுண்ணோக்கிக்குக் கீழே தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிற வேலை. சில்லு என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, 'ஐசி' என்பார். அந்த ஐசி எந்த மேசைக்குப் போனதென்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

சரி, எந்தக் கணினி?

இரண்டு பரிமாணக் கோட்டு வேலைக்கு ஆட்டோகேட் பெரும்பாலும் பிராசசரின் ஒரே ஒரு கோரைத்தான் நம்பியிருக்கிறது. அதற்குக் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகமே முக்கியம். ரெவிட் விண்டோஸில் மட்டுமே ஓடும், அதனால் நண்பன் சிபாரிசு செய்த மேக் அடிபட்டுப் போனது. கடைத்திரையில் மின்னிய கோபுரம்போல் ஒளியும் நிழலுமாகப் படம் எடுக்கத்தான் நிறைய கோர்களும் பெரிய கார்டும் வேண்டும். எனக்கு அது வேண்டாம். ஆனால் கார்டே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. லயத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் எடுத்த புகைப்படங்களைக் கோத்து முப்பரிமாணப் புள்ளிகளாக்கும் மென்பொருள்கள் என்விடியா கார்டில் நன்றாக ஓடும். ரேமையும் ஏராளமாகத் தின்னும்.

மடிக்கணினியா என்றும் யோசித்தேன். லயத்தில் மின்சாரம் வெட்டப்பட்டுவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே மதிய வெக்கையில் மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். களத்துக்குக் காகிதமும் பென்சிலும் போதும். கடைசியில் வேகமான கோர் கொண்ட மேசைக் கணினி, 32 ஜிபி ரேம், நடுத்தர என்விடியா கார்டு என்று முடிவு செய்தேன். பெரிய கார்டில் மிச்சமான வெள்ளியில் ஒரு லேசர் அளவியும் யூபிஎஸ்ஸும் வாங்கினேன். பேராக்கின் மாலை இடிமழையில் வேலை பார்ப்பவர்களுக்கு யூபிஎஸ் பற்றி விளக்க வேண்டியதில்லை.

வரைந்துவிட்டால் லயம் நின்றுவிடுமா? நிற்காது. தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீடும் போகும். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது அது எல்லோருக்கும் புரிந்தது. சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கப் பார்த்தார். எங்கள் தோட்டம் அந்தக் கணக்கில் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் கையில் பட்டாவும் இல்லை, படமும் இல்லை. பட்டாவை என்னால் உண்டாக்க முடியாது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அளந்தேன். நான்காவது வாரம் குறுக்குவெட்டுப் படத்தைத் திரையில் போட்டுப் பாட்டியைக் கூப்பிட்டேன். கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகுநேரம் பார்த்தார்.

"செவுரு தப்புடா."

"அளந்துதான் பாட்டி போட்டேன்."

"இது அப்புறம் யாரோ பலகை வெச்சு அடைச்சது. அப்பல்லாம் செவுரு கூரை வரைக்கும் போவாது. அடுத்த வீட்டுல இருமினா நமக்குக் கேக்கும். நம்ம சண்டை அவங்களுக்குக் கேக்கும்."

புகைப்படங்களைத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே மூன்றடிக்குப் பலகையின் நிறம் வேறாகத்தான் இருந்தது. லேசர் அதைச் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை. சுவரின் மேல் கோட்டைக் கீழே இறக்கி, பிறகு வந்த பலகையைப் புள்ளிக்கோடாக்கினேன். பன்னிரண்டு வீடுகளும் ஒரே கூரைக்குக் கீழே ஒன்றாகத் திறந்துகொண்டன.

"அந்தப் பக்கம் யாரு வீடுன்னு எழுத மாட்டியா?" என்றார் பாட்டி.

எழுதுகிறேன் என்றேன். அவர் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழு வீடுகளுக்குப் பெயர் கிடைத்தது. மற்ற ஐந்துக்கு யாரிடம் கேட்கலாம் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.