ஒலியளவின் வரலாறு: வானொலி முள்ளிலிருந்து கணினித் திரை வரை

ஒலிபெருக்கியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாடியவரைப் பற்றியே பேசுகிறார்கள். ஒலியின் அளவைக் கூட்டியும் குறைத்தும் மறைவில் அமர்ந்திருந்த இன்னொருவரை நாம் கணக்கில் கொள்வதில்லை. திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் முன்வைத்துப் பார்த்தால் அவருடைய கதை ஓரளவு துலங்கும்.

கருவி வருமுன் குரலும் கட்டடமுமே எல்லாம். ஸ்ரீரங்கத்து மார்கழித் திருநாளில் பகல்பத்து அர்ச்சுன மண்டபத்திலும், இராப்பத்து ஆயிரங்கால் மண்டபத்தின் திருமாமணி மண்டபத்திலும் நிகழும். கைத்தாளத்துடன் அரையர் பாடும் பாசுரம், அருகில் இடம் கிடைத்தவருக்கே சொல்லாகக் கேட்டது. தொலைவில் நின்றவருக்கு அது வெறும் நாதம். எஃப்.ஜி. நடேசய்யர் 1914இல் திருச்சியில் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவின் மேடையும் அத்தகையதே. அங்கே சிறுவன் தியாகராஜன், பின்னாளைய பாகவதர், லோகிதாசனாகத் தோன்றிய காலத்தில், கடைசி வரிசையை எட்டும் உச்ச சுருதியே நடிகனின் முதல் தகுதி.

1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. விடுதலையின்போது இந்திய எல்லைக்குள் இருந்த ஆறு நிலையங்களுள் அதுவும் ஒன்று. வானொலியில் பாடகர் ஓர் அறையில்; பொறியாளர் கண்ணாடிக்கு அப்பால், குமிழில் கையும் அளவுமானியில் கண்ணுமாக. ஒலி வரம்பு மீறினால் சிதையும். மிகவும் குறைந்தால் இரைச்சலில் மூழ்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பாதையில் பாட்டை நடத்திச் செல்வது அவர் பொறுப்பு.

அதே 1939இல் அமெரிக்க வானொலி நிறுவனங்கள் 'வியூ மீட்டர்' என்னும் அளவுமானியைப் பொதுவாக்கின. அதன் முள் ஒலியின் முழு அளவை எட்ட ஏறத்தாழ 0.3 விநாடி ஆகும். பேச்சுக்கும் ஆலாபனைக்கும் இது பொருத்தம். தவிலின் ஓர் அடியோ, முள் எழுமுன் உச்சம் கண்டு அடங்கிவிடும். ஆகவே முள்ளை மட்டும் நம்புகிறவர் தவறுவார். தனி ஆவர்த்தனம் நெருங்குவதை உணர்ந்து முன்கூட்டியே குமிழைத் தணிக்க இசையறிவு வேண்டும். அளவறிதல் அன்று செவியின் கல்வியாகவும் இருந்தது.

வீதிக்கு வந்த 'மைக் செட்'டில் இந்தக் கல்வி பின்தங்கியது. கூம்பு ஒலிபெருக்கிகள் கம்பங்களில் ஏறின. கூட்டுவதே கொண்டாட்டம் என்றானது. எல்லையைச் சட்டம் வகுக்க வேண்டி வந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரையறுத்தன. சென்னை வழிபாட்டிடம் ஒன்றைப் பற்றிய வழக்கில், ஒலிபெருக்கியால் பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும் உரிமை எவருக்கும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டே தீர்ப்பளித்தது.

இன்று குமிழின் இடத்தைக் கணினித் திரை பெற்றுவருகிறது. வலையமைப்பில் இணைந்த ஆம்ப்ளிஃபயர் ஒவ்வொன்றின் வெப்பத்தையும் ஒலி உச்சத்தையும் மென்பொருள் காட்டுகிறது. ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி அறுந்தால், மின்தடையின் மாற்றத்தைக் கொண்டே அறிவித்துவிடுகிறது. முள் தவறவிட்ட தவிலடியையும், 'லிமிட்டர்' என்னும் வரம்புக்காவல் கணத்தில் பிடித்துவிடும். அந்த வரம்பைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டவும் முடியும்.

கல் மண்டபத்துக்கு இதைவிட முக்கியமானது காலத்தாழ்வு. 34 மீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 0.1 விநாடி வேண்டும். கம்பிவழி மின்குறிப்போ உடனே போய்ச் சேரும். அவ்வளவு தொலைவிலுள்ள இரண்டாம் ஒலிபெருக்கியை அதே 0.1 விநாடி தாமதிக்கச் செய்யாவிடில், அதனருகே நிற்பவர் ஒரே சொல்லை இருமுறை கேட்பார். கல்லில் மோதித் திரும்பும் எதிரொலியும் சேர்ந்தால் பாசுரம் குழம்பும். அங்கே ஒலியைக் கூட்டுவது குழப்பத்தையே கூட்டும். சிறிய ஒலிபெருக்கிகள் பலவற்றைக் கேட்போருக்கு அருகே, அடங்கிய அளவில், உரிய தாமதத்துடன் அமைப்பதே தெளிவைத் தரும்.

ஆனால் எந்த அளவில் பூட்டுவது என்பதை மென்பொருள் முடிவு செய்வதில்லை. கருவி நலமாயிருக்கிறது என்று திரை சொல்லும். கடைசித் தூணருகே நிற்கும் முதியவருக்குச் சொல் விளங்கியதா என்று சொல்லாது. அதற்கு ஒருவர் எழுந்து அந்தத் தூண் வரை நடந்துசென்று கேட்டாக வேண்டும். பாடலின் சொல்லை அறிந்தவரிடம் அந்தப் பொறுப்பு இருக்க வேண்டுமென நாம் கோருவது, தமிழ் படித்தவரின் பேராசை அன்று.