வேகம் காட்டும் குறைபாடு: தமிழ் வழி வகுப்புகளில் வாசிப்புச் சிக்கலைக் கண்டறிதல்

தமிழ் வழியில் படிக்கும் குழந்தைக்கு வாசிப்பு சார்ந்த கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று அறிய, அது செய்யும் பிழைகளை எண்ணுவதைவிட அது வாசிக்கும் வேகத்தைக் கவனிப்பதே பொருத்தமானது என்பது இக்கட்டுரையின் வாதம். பள்ளிகளில் இன்று நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கட்டுரை ஏட்டில் சிவப்பு மை கூடினால் கவலைப்படுகிறோம். நான்கு வரியைப் பிழையில்லாமல், ஆனால் திணறித் திணறி வாசித்து முடிக்கும் பிள்ளையைத் ‘தேறிவிட்டான்’ என்று உட்கார வைத்துவிடுகிறோம்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. டிஸ்லெக்சியா எனப்படும் இந்த வாசிப்புக் குறைபாடு பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி ஆங்கிலம் வாசிப்பவர்களை ஆராய்ந்து பெற்றது. 1896இல் பிரிட்டிஷ் மருத்துவர் பிரிங்கிள் மார்கன் விவரித்த 14 வயதுச் சிறுவன் கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் ‘பெர்சி’ என்ற தன் பெயரையே எழுத்துகளை இடம் மாற்றித்தான் எழுதினான். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு சீராக இல்லாத ஆங்கிலத்தில் குறைபாடு பிழையாக வெளிப்படுவது இயல்பே. 2003இல் ஆய்வாளர் சீமோரும் அவருடைய சகாக்களும் 13 ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டபோது, முதலாம் ஆண்டு முடிவில் ஆங்கிலம் வாசித்த குழந்தைகளே மற்றவர்களைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். எழுத்தும் ஒலியும் நெருங்கி நிற்கும் ஜெர்மனில் நிலைமை வேறு. அங்கே டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளும் பெரும்பாலும் சரியாகவே வாசிக்கிறார்கள், ஆனால் மிக மெதுவாக வாசிக்கிறார்கள் என்று 1990களில் ஹைன்ஸ் விம்மரின் ஆய்வுகள் காட்டின.

தமிழ் இந்த வரிசையில் ஜெர்மனுக்கு அருகில் நிற்கிறது. ககரம் ‘கடல்’, ‘பகல்’, ‘சங்கு’ மூன்றிலும் மூன்று விதமாக ஒலித்தாலும், எங்கே எப்படி ஒலிக்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. பேச்சறிந்த குழந்தைக்கு அது தடையல்ல. தடை வேறு இடத்தில் இருக்கிறது. 247 எழுத்துகளில் 216 உயிர்மெய்கள். கு, சு, து, மு ஆகியவற்றில் உகரக் குறி ஒரே வடிவில் இல்லை. கூ, சூ, தூ, பூ என்று நெடிலுக்குப் போனால் இன்னும் கலைகிறது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்றவற்றைச் சீராக்கியது, ஆனால் உகர வரிசையைத் தொடவில்லை. கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், இவ்வகை எழுத்துமுறையைக் கற்கத் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் தேவைப்படுவதைக் காட்டுகின்றன. ஆகவே இரண்டாம் வகுப்பில் எழுத்து தடுமாறும் எல்லாக் குழந்தைக்கும் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது.

‘தொட்டில்’ என்ற சொல்லை ஒரு குழந்தை வாசிப்பதை அருகிலிருந்து பார்த்தால் சிக்கல் விளங்கும். கண் முதலில் சந்திப்பது ஒற்றைக் கொம்பை. நாவில் முதலில் வரவேண்டியதோ தகரத்தின் ஒலி. கொம்பு, தகரம், கால் மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே ‘தொ’ பிறக்கிறது. பழகிய குழந்தை இதை ஒரே வீச்சில் செய்துவிடும். சிரமப்படும் குழந்தை ‘தெ… தா… தொ’ என்று கட்டி எழுப்புகிறது. ‘ட்டி’க்கு வரும்போது முதல் அசை நினைவிலிருந்து நழுவுகிறது, திரும்பத் தொடக்கத்துக்குப் போகிறது. முடிவில் சொல்வது சரியான சொல்தான். வரியின் பொருள் மட்டும் கைக்குச் சிக்குவதில்லை. பேச்சில் ‘ஒக்காந்தான்’ என்றிருப்பது புத்தகத்தில் ‘உட்கார்ந்தான்’ என்று வரும்போது, பேச்சை வைத்து ஊகிக்கும் வழியும் பாதி அடைபடுகிறது.

பிழைகளிலும் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. ர–ற, ல–ள, ந–ன–ண மயக்கங்களைக் குறைபாட்டின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பலருடைய பேச்சில் ரகரமும் றகரமும் வேறுபடுவதே இல்லை; காதில் கேட்காத வேறுபாட்டைக் கை தவறவிடுவதில் வியப்பில்லை. மாறாக, கொம்பும் காலும் இடம் மாறுவது, மெய்ப்புள்ளி தொடர்ந்து விடுபடுவது, குறில் நெடில் குழம்புவது ஆகியவை நான்காம் வகுப்பிலும் நீடித்தால் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘பிழைத்திருத்தம் பத்து முறை எழுதி வா’ என்ற வீட்டுப்பாடம் இதில் எதையும் தீர்க்காது. குழந்தை அதைப் படமாக வரைந்துகொண்டு வரும்.

சட்டம் இந்த அக்கறைக்குத் துணை நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கற்றல் குறைபாட்டைத் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதன் 16ஆம் பிரிவு, குறைபாட்டை இயன்ற அளவு முன்கூட்டியே கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் முறைகளை மேற்கொள்ளும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்கள்மீது வைக்கிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலோ எட்டு வயதுக்குப் பிறகே சான்றிதழ் என்றது. இரண்டுக்கும் முரண் இல்லை. சான்றிதழ் காத்திருக்கலாம், கற்பித்தல் காத்திருக்கக் கூடாது. நடைமுறையில் சான்றிதழ் வரும்வரை ஒன்றும் தொடங்குவதில்லை என்பதுதான் குறை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். வீட்டில் புத்தகமே இல்லாத, முதல் தலைமுறையாகப் படிக்க வரும் குழந்தையும் மெதுவாகத்தானே வாசிக்கும்? வேகத்தை அளந்தால் ஏழ்மையைக் குறைபாடாக எண்ணிவிட மாட்டோமா? ஒரே ஒருமுறை அளந்தால் அந்த ஆபத்து உண்டு. அமெரிக்கா 2004இல் தன் சிறப்புக் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் படிப்புக்கும் உள்ள இடைவெளியை மட்டும் நம்பாமல், பயிற்சி கொடுத்து அதற்குக் குழந்தை எப்படி ஈடுகொடுக்கிறது என்று பார்க்கும் முறைக்கு இடமளித்தது. நமக்கும் அதுவே உகந்தது. சில வாரங்கள் நாள்தோறும் உயிர்மெய்க் குறிகளைக் குழு குழுவாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கலாம். அசைகளைச் சேர்த்து ஒலிக்கவும், ஆசிரியரோடு இணைந்து ஒரே பத்தியை மறுபடி மறுபடி வாய்விட்டு வாசிக்கவும் பழக்கலாம். வாய்ப்பின்றிப் பின்தங்கிய குழந்தையின் வேகம் பெரும்பாலும் ஏறத் தொடங்கும். ஏறாத குழந்தையைச் சிறப்புப் பயிற்றுநரிடம் அனுப்பத் தயங்கக் கூடாது. இதற்கு வேண்டியது அந்தந்த வகுப்புக்குரிய ஒரு பத்தி, ஒரு கடிகாரம், தேதியிட்டு எழுதிவைக்க ஒரு ஏடு. தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் மாணவர்களை நிலைவாரியாகப் பிரிக்கப் பழகிய ஆசிரியர்களுக்கு இது புதிய சுமையாகாது.

குறைபாடு வேகத்தில் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டால் கூடுதல் நேரம் சலுகை அல்ல, முதல் தேவை. பொதுத்தேர்வில் அது சான்றிதழ் பெற்றவர்களுக்குக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய வகுப்புத் தேர்வுகளில் பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு எழுந்த பிள்ளைகளில் பலர் பொதுத்தேர்வுவரை வந்து சேர்வதில்லை. மூன்றாம் வகுப்பின் பருவத் தேர்விலேயே, மணி அடித்த பிறகும் அவர்களை எழுத விடுவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. வகுப்பாசிரியர் மனம் வைத்தால் போதும்.