தனியார் பணமும் அரசின் பொறுப்பும்

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியே நடந்து மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். அத்தோட்டங்கள் செழித்திருந்த 1870களில், இலங்கையில் புழங்கிய நோட்டுகளை வெளியிட்டவை தனியார் வங்கிகளே.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் நோட்டுகள் வெறுங்காகிதமாகாதபடி, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் உத்தரவாதத்தை அறிவித்தார். அவ்வாண்டே சட்டம் இயற்றப்பட்டு, 1885 முதல் அரசே நோட்டுகளை வெளியிட்டது.

2021இல் எல் சால்வடோர் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கியது. 2025இல் அதன் கட்டாய ஏற்பைக் கைவிட்டது. சீனா 2021இல் கிரிப்டோ பரிவர்த்தனைகளைத் தடைசெய்தது. இலங்கை மத்திய வங்கியும் மக்களைப் பலமுறை எச்சரித்துள்ளது.

1884இல் பொறுப்பேற்க ஓர் அரசு இருந்தது. கிரிப்டோ வீழ்ந்தால் பொறுப்பேற்பவர் யார்?